மூன்றாவது தட்டின் தூக்கம்

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் புழுக்காரம்மா. எலிக்குப் பதிலாகப் பட்டுப்புழுவை வளர்த்து, மனுஷக் குடலில் இருக்கிற கிருமிகளை அதற்கு ஊட்டி, எது காக்கும் எது கெடுக்கும் என்று பார்க்கிற இடம் அது. ஊட்டுகிற வேலை இவளுடையது. யாராவது ஒரு புழுவை முரட்டுத்தனமாகத் தொட்டால் போதும், பெரிய படிப்புப் படித்தவர் என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

இந்த முறை மூன்றாவது தட்டுப் புழுக்களுக்கு ஊட்டியது அவள் புருஷனுடைய குடல் கிருமி. மனுஷன் மாசக்கணக்காக வயிற்றுப்போக்கில் துரும்பாய் இளைத்துக் கிடந்தார். கூடவே ஒரு நல்ல கிருமியையும் அந்தத் தட்டுக்கு ஊட்டியிருந்தார்கள். புழு பிழைத்துக் கூடு கட்டினால் அந்த நல்ல கிருமியையே அவருக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேறு நம்பிக்கை எதுவும் மிச்சமில்லை.

ஊட்டிய அன்றைக்கே பிடித்தது சனியன். தட்டு நன்றாகத் தின்றால் வீட்டில் அவரும் நன்றாகச் சாப்பிட்டார். தட்டு முகத்தைத் திருப்பினால் அவரும் "வேண்டாம்டி" என்றார். எல்லாம் தற்செயல், பைத்தியம் மாதிரி நினைக்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

தோல் உரிக்கும் முன்னால் பட்டுப்புழு தின்னாது, அசையாது. தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். புழு வளர்க்கிறவர்கள் அதைத் தூக்கம் என்பார்கள். ஒருநாள் காலை அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வந்து பார்த்தால் மூன்றாவது தட்டு மொத்தமும் தலை தூக்கி நிற்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருந்தாலும் தூக்கம் நல்லதுதான், எழுந்தால் வளர்ச்சி.

புதிதாகச் சேர்ந்த சின்ன சாரிடம், "மூணாவது தட்டு தூங்கிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது தட்டைக் காணோம்.

"தட்டு எங்க சார்?"

"ஃப்ரீசர்ல வச்சுட்டேன்மா. செத்ததை அங்கதானே வைக்கணும்?"

"செத்துச்சுன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதானேம்மா தூங்கிடுச்சுன்னீங்க! பாசமா வளர்த்தது, செத்துப்போச்சுன்னு சொல்ல வாய் வரலைன்னு நினைச்சேன்."

"அடப்பாவி!"

ஓடிப்போய் வெளியே எடுத்தாள். வாயால் ஊதினாள், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள். "எந்திரிங்கடா, என் செல்லங்களா, எந்திரிங்க!" தூக்கிய தலைகளில் ஒன்றும் அசையவில்லை.

போன் அடித்தது. வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார்.

"அண்ணி, இவ்வளவு நேரம் குளிருது குளிருதுன்னு அண்ணன் என் உயிரை எடுத்துட்டாரு. இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திவிட்டேன். இப்பதான் ஒருவழியா தூங்கிட்டாரு."

எந்தத் தூக்கம் என்று அவள் கேட்கவில்லை. "தலை... தலை எப்படி இருக்கு?" என்றாள்.

"அதை ஏன் கேக்கிறீங்க? தூக்கின தலை தூக்கினபடியே இருக்கு."