நான் மொழிபெயர்த்த செய்தி

மாமா ராணுவத்தில் சேர்ந்தபோது புனேயில் எங்கள் தாபோடி வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தார். அவருக்குப் பெற்றோர் இல்லை. ஆறு வயதிலிருந்து அவரை வளர்த்தது அவருடைய அக்காவான என் அம்மா. அதனால் வடக்கே மலைமேல் சண்டை மூண்ட அந்தக் கோடையில் அவருடைய கடிதங்கள் எங்களுக்கே வந்தன. சண்டையைப் பற்றி அவற்றில் ஒன்றும் இருக்காது. மூச்சு வாங்குகிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது, மூட்டையோடு ஏறி ஏறி முழங்கால் கிழவனுடையதாகிவிட்டது என்று எழுதுவார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

எனக்கு ஒன்பது. வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவின் இந்தி காய்கறி வண்டியைத் தாண்டிப் போகாது. கேஸ்காரர், மீட்டர் பார்ப்பவர், என் டீச்சர் எல்லோருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் நிற்பேன். தெரியாத வார்த்தை வந்தால் நானே ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவேன். அதுவரை அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அப்பா ஃபேக்டரிக்குப் போயிருந்த நேரம், வாசலில் ஜீப் வந்து நின்றது. சீருடையில் இருவர். மூத்தவர் அம்மாவிடம் மிக மெதுவாக, புத்தகத்து இந்தியில் பேசினார். மாமாவின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. கடைசியில், "உன்ஹே வீர்கதி ப்ராப்த் ஹுயீ ஹை" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி சொல்றாரு?"

வீர்கதி என்பதை நான் கேட்டதே இல்லை. ஆனால் 'ப்ராப்த்' தெரியும். பள்ளி விழாவில் பரிசு வாங்குகிறவர்களை மராத்தியில் மேடைக்கு அழைக்கும்போது அடிக்கடி வரும். வீரம் தமிழிலேயே இருக்கிறது.

"மாமாவுக்கு வீர்கதி கிடைச்சிருக்காம்மா! பெரிய மெடல்!" என்று குதித்தேன்.

அம்மா சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து என் வாயில் கொஞ்சம் போட்டாள். "அவங்களுக்கும் குடு."

நான் டப்பாவை நீட்டினேன். இளையவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று என்னிடம் கேட்டு, ஜீப்பை அங்கே அனுப்பினார்.

அதற்குள் நான் காக்கு என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்மணியிடம் ஓடி, வீர்கதி கிடைத்ததைச் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வந்ததும் மூத்தவர் அவரிடம் தனியாகப் பேசினார். அடிபட்ட கூட்டாளியை மாமா தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது பக்கத்தில் குண்டு விழுந்ததாம். கூட்டாளி பிழைத்துக்கொண்டானாம். அப்பா உள்ளே வந்து, மாமா வீரமரணம் அடைந்ததைத் தமிழில் சொன்ன பிறகுதான் அம்மா அழுதாள்.

தம்பியின் சாவுக்கு அக்காவைச் சர்க்கரை கொடுக்க வைத்தவள் என்ற குற்ற உணர்ச்சி வெகுகாலம் எனக்குள் இருந்தது. என் மகள் பிறந்த பிறகுதான் அதை அம்மாவிடம் சொல்லத் துணிந்தேன்.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த ஆளு வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சுடி."

"பின்ன ஏம்மா சர்க்கரை குடுத்த?"

"நீ அவ்ளோ சந்தோஷமா சொன்னியே."