பதின்மூன்று முதல் பதினெட்டு வரை

போன வருடம் திருப்பதியில் ஒரு கல்லூரி ஹாலில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மூன்று நாள் கண்காட்சி வைத்தோம். எல்லோரும் முப்பதுக்குள். படத்தை மாட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. அவரவர் சுவருக்குப் பக்கத்தில் நின்று, இது எப்படி மனதில் வந்தது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். வரதய்யபாளையத்துக்காரர் ஒருவர், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களை வரைந்திருந்தார். காலி சீட் ஒன்றின் கண்ணாடியில் தலையெண்ணெய்க் கறை மட்டும் இருந்ததைப் பார்த்ததுதான் ஆரம்பம் என்றார். பாகாலாவிலிருந்து வந்தவள் ஸ்டேஷன் நாய்களைப் படமெடுத்திருந்தாள். ரயில் வருவதற்கு முன்னால் அவை எல்லாம் ஒரே பக்கம் திரும்பிப் பார்க்குமாம்.

என் சுவரில் ஆறு படங்கள். ஆறிலும் ஒரே பெண். முதல் படத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயது, கடைசிப் படத்தில் பதினெட்டு. அவள் நாலு வயதில் இறந்துபோனவள்.

அவளுடைய அப்பா அம்மா முதல் தடவை வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. திருப்பதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் வேலையில் சேர்ந்திருந்தேன். மாங்காய் சீசன் அது. பாலசமுத்திரத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். நான் சித்தூர்க்காரி, தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் அவள் அப்பாவின் முகம் லேசானது. சட்டைப் பையிலிருந்து பாலிதீன் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். மலையில் முடி கொடுத்துவிட்டு எடுத்த படம். மொட்டைத் தலை நிறையச் சந்தனம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் குழந்தை.

"பெருசு பண்ணணுமா அண்ணா?" என்று கேட்டேன்.

"பெருசுன்னா... ஆள பெருசு பண்ணணும்மா."

எனக்குப் புரியவில்லை. கூட வந்த அக்கா, அவள் அம்மா, சொன்னார்: "அவளுக்கு இப்ப பதிமூணு நடக்குது. பதிமூணு வயசு மாதிரி பண்ணிக் குடு பாப்பா."

அவள் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு வயசுல சுரம் வந்து பூட்டா. சித்தூரு போற வழியிலயே."

அந்த அக்கா வேறு யார் வீட்டுச் சங்கதியையோ கேட்பது போல, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுத்திருக்கலாம். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை, சவாலாகத் தெரிந்தது. ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஷாம்பூ விளம்பரத்தில் வருகிற முகம் ஒன்று வந்தது. அழித்துவிட்டுக் கையால் ஆரம்பித்தேன். அம்மாவின் கண், அப்பாவின் தாடை, குழந்தையின் மூக்கைக் கொஞ்சம் நீட்டி. முடியை நானே யோசித்து வைத்தேன், ஏனென்றால் அவளுக்கு முடி இருந்த படம் எதுவும் அவர்களிடம் இல்லை. உடம்புக்கு ஆள் வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டைமர் வைத்து என்னையே எடுத்தேன். அந்தப் பெண் கழுத்துக்குக் கீழே நான்தான்.

வாங்க வந்தபோது அந்த அக்கா வெகுநேரம் பார்த்தார். "பல்லு, மேல ரெண்டு, கொஞ்சம் முன்னால தள்ளிக்கினு இருக்கும்" என்றார். திருத்தினேன். "ஆங், இவதான்" என்றார். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடித்தவர் சொல்வது போல இருந்தது.

அடுத்த வருடமும் மாங்காய் இறங்கும் சமயத்தில் வந்தார்கள். பதினாலு வயதுக்கு ஒன்று. அதற்கடுத்த வருடம் கண்ணாடி போட வேண்டும் என்றார் அக்கா. "போர்டுல எய்தறது தெரியலன்றா." அதற்கடுத்த வருடம் மூக்குக் குத்தியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் போன வருடப் படத்தைத் திறந்து, அதிலிருந்து ஒரு வயது கூட்டுவேன். கன்னத்துச் சதை கொஞ்சம் குறையும், நெற்றி ஏறும். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். போகப் போக யோசிக்க வேண்டியதே இல்லாமல் ஆனது. கை தானாகப் போனது. ஒரு தடவை அந்த அக்கா, "கொஞ்சம் சோகமா இருக்கா பாரேன், பரீச்சைல மார்க்கு கொறஞ்சிட்ச்சி" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அவளைச் சிரிக்கவைத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

ஐந்தாவது வருடம் அவள் அப்பாவுக்குக் காலில் அடிபட்டிருந்தது. தோட்டத்தில் காய் பறிக்கும் நேரம், கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, அங்கிருந்து பஸ் ஏறிப் போனேன். உச்சி வெயில். வீட்டுக்கு முன்னால் கொடியில் ஒரு சுடிதார் தொங்கிக்கொண்டிருந்தது. கரும்பச்சை, ஓரத்தில் மஞ்சள் பட்டி. இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த சுடிதார். முந்தைய வருடப் படத்தில் நான் போட்டுவிட்டது. ஆனால் அது என்னிடமே கிடையாது. என்னுடைய வெளுத்த நீலச் சுடிதாரைப் போட்டுப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையையும் மஞ்சளையும் ஏற்றியிருந்தேன். அப்படி ஒரு துணி எங்கேயும் இருந்ததில்லை.

அந்த அக்கா வெளியே வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "அந்தக் கலரு இங்க கெடைக்கல. புத்தூருக்குப் போயி தேடிப் புடிச்சி தைச்சேன்" என்றார். "தொவைச்சி மாளல பாப்பா. அழுக்கு பண்ணிக்கினே கீறா."

நல்லதாகப் போயிற்று, படத்தைப் பார்த்துத் தைத்திருக்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் கால் பக்கம் கண்ணில் பட்டது. செம்மண் கறை. துவைத்தும் முழுக்கப் போகாத கறை. யார் போட்டுக்கொண்டு நடந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே சுவரில் நான் செய்த நான்கு படங்களும் வரிசையாக இருந்தன. மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. அந்த மொட்டைத் தலைப் படத்தை எங்கும் காணோம். "துன்னுட்டுப் போ" என்று உட்காரவைத்தார். அவசரம் என்று சொல்லித் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நடந்துகொண்டே இருந்தவள் நின்றாள். "பூட்டவங்கள ஆண்டவர் கையில உட்டுடணும். நீ இன்னாத்துக்கு வளத்துக்கினு கீற?" என்றாள். பதினெட்டு வயதுப் படம்தான் கடைசி என்று அப்போதே முடிவு செய்தேன். அடுத்த வருடம் அவர்கள் வந்தபோது எப்போதும் போலச் செய்துகொடுத்தேன். இதுதான் கடைசி என்று சொல்ல வாய் வரவில்லை.

கண்காட்சிக்கு அந்த ஆறு படங்களை வைக்கலாம் என்று தோன்றியதும் அவள் அப்பாவுக்குத்தான் போன் செய்தேன். கொஞ்சம் யோசித்து, "ஊரு பேரு போடாதம்மா" என்றார். அக்காவிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். அது தப்பு. தெரிந்தேதான் செய்தேன்.

முதல் நாள் நான் தயாரித்து வைத்திருந்ததைத்தான் பேசினேன். காலம், இழப்பு, படத்துக்கும் உண்மைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவள் அப்பாவால் மறைக்க முடியவில்லை போலிருக்கிறது, வாசலிலேயே நின்றுகொண்டார். அந்த அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தார், மகளுடைய பள்ளிக்கூட விழாவுக்கு வருவது போல. ஆறு படங்களுக்கும் முன்னால் நடந்தார். திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

அப்போது படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவரிடம், "மீ அம்மாயா?", உங்கள் பெண்ணா, என்று தெலுங்கில் கேட்டார்.

"அவுனு, மா அம்மாயே" என்றார் அந்த அக்கா. பிறகு தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லத் தொடங்கினார். இது எட்டாவது படிக்கும்போது. இதில் இரண்டு நாள் சுரம், எழுந்து வந்து நின்றாள். இந்தக் கண்ணாடி முதல் கண்ணாடி இல்லை, முதல் கண்ணாடியை உடைத்துவிட்டாள். அவளுக்கு ரிப்பன் பிடிக்காது. சுற்றி எட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

நான்காவது படத்துக்கு வந்ததும் விரலை நீட்டினார். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு. அது என் தழும்பு. பள்ளிக்கூடம் படிக்கும்போது இஸ்திரிப் பெட்டி பட்டது. மற்ற ஐந்து படங்களிலும் ஞாபகமாக அழித்திருந்தேன். அந்த ஒன்றில் விட்டுப்போயிருக்கிறது.

"இது ஏழாவது படிக்கும்போது" என்றார். "கஞ்சிப் பானைய எறக்கறேன்னு இயுத்து மேல கொட்டிக்கினா. எத்தினி நாளு அய்தா தெரியுமா?"

"ஐயோ பாவம்" என்றார் அந்தப் பெண்மணி.

நான் துப்பட்டாவை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டேன். என் கை அந்த இடத்தில் இருந்தது. விரலுக்குக் கீழே சூடாக இருந்தது போலத் தோன்றியது. காய்ச்சல் வந்திருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். "மன்னிச்சிருங்கக்கா, உங்கள கேக்காம வெச்சிட்டேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு?" என்றார். பிறகு குரலே மாறிவிட்டது. "எனக்குப் பைத்தியம்னு நெனச்சிக்கினியா பாப்பா? எனக்குத் தெரியும். என் மடியிலதான் பூட்டா. ஆனா அந்தப் படத்தோட உட்டுட்டா, அவ வெயில்ல மொட்டத் தலையோட நின்னுக்கினே இருப்பா. எத்தினி வருசம் நிக்கும் கொயந்த? கால் வலிக்காதா?"

வாசலில் நின்றிருந்த அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு கல்லூரி மாணவி நான்காவது படத்துக்கு முன்னால் நின்று, அந்தத் தழும்பு என்ன என்று கேட்டாள். "ஏழாவது படிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் அடுத்துக் கேட்டதற்கும் பதில் சொன்னேன். அன்று மாலை வரை அந்தப் பெண்ணைப் பற்றி நிறையச் சொன்னேன். அதில் சிலது அந்த அக்கா சொன்னதல்ல. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் மாங்காய் இறங்க ஆரம்பித்தும் அவர்கள் வரவில்லை. சீசனும் முடிந்தது. நானே போன் செய்தேன். அந்த அக்காதான் எடுத்தார்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிட்ச்சி பாப்பா. பெங்களூரு. நல்ல எடம்" என்றார். குரலில் அலுப்பும் நிம்மதியும் கலந்திருந்தன, எல்லா அம்மாக்களுக்கும் அப்போது இருக்குமே, அதுபோல. போனை அவள் அப்பா வாங்கிக்கொண்டார். ஊரில் தாயில்லாத பெண் ஒன்றுக்குக் கல்யாணம் நடந்ததாம். அந்த அக்கா தானே முன்னால் நின்று நடத்தி, மகளுக்கென்று தைத்துப் பீரோவில் வைத்திருந்த துணிமணி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி அந்தப் பெண்ணோடு அனுப்பிவிட்டாராம். "இப்ப ராத்திரில தூங்கறாம்மா" என்றார். "ஆறு படத்தயும் அவளே கயிட்டிட்டா. எங்க வெச்சான்னு நான் கேக்கல." என் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்லதுண்ணா, நல்லது என்றேன்.

வைப்பதற்குள் அந்த அக்கா மறுபடியும் போனை வாங்கினார்.

"இனிமே போட்டோ வாணாம் பாப்பா. ஆடிக்கு இட்டுக்கினு வரணும் இல்ல, அப்ப நீயும் வா. இத்தினி வருசம் பண்ணியே, ஒரு தபா நேருல பாரு."

தாயில்லாத அந்தப் பெண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"வரேன்க்கா" என்றேன்.

போகவில்லை. ஆடி மாதம் முழுக்கச் சித்தூருக்குப் பாகாலா வழியாக ரயிலிலேயே போய் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் பாலசமுத்திரம் வண்டி நிற்கிற பக்கம் போகவேயில்லை.