சுவரில் தொங்கிய விண்ணப்பம்

என் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு, நான் எழுதினால் இப்படித்தான் வரும்.

பல்கலைக்கழகத்தின் பெரிய கேட்டுக்கு நேர் எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எட்டடி அகலம். இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வருகிறவர்களின் பைதான் அதில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து மருந்துக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. ஆகவே காலை ஒன்பது மணியிலிருந்து அவள் பேசுவதெல்லாம் என் காதில் விழுந்தே தீரும். என் தலையெழுத்து.

பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பா அம்மாக்கள் கையில் ஒரு தாளோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு வருவார்கள். உள்ளே கவுன்டரில் இருப்பவர், "ப்ரொவிஷனல் ரெண்டு காப்பி அட்டஸ்ட் பண்ணி, போனஃபைடோட கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தியிருப்பார். தான் தமிழில்தான் பேசினோம் என்று அந்த மனிதருக்கு நினைப்பு. இவர்கள் நேராக அக்காவிடம் வந்து, "அம்மா, அது என்னமோ 'போனா'வாம்ல, அது எந்தக் கடையில கிடைக்கும்?" என்பார்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதே பதிலைச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியது. அந்த வாரம்தான் ஒரு பெரிய தாளில் எல்லா வார்த்தையையும் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினாள். போனஃபைட்: இவன் எங்கள் பிள்ளைதான் என்று கல்லூரி அடிக்கும் சத்தியம். ப்ரொவிஷனல்: நிஜம் வரும்வரை இதை வைத்துக்கொள். சிலபஸ்: நடத்த வேண்டியது. போர்ஷன்: நடத்தி முடித்தது. இன்டர்னல் மார்க்: உங்கள் பிள்ளையைத் தெரிந்தவர் போடுவது. எக்ஸ்டர்னல்: தெரியாதவர் போடுவது. கன்டொனேஷன்: வகுப்புக்கு மட்டம் போட்டதற்கு மன்னிப்பு. அரியர்: விட்ட குறை.

அந்தத் தாளைப் படம் பிடிக்காத ஆள் இல்லை. விடுதி வார்டன்கூட ஒரு காப்பி வாங்கிப் போய் நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார். 'ஜெராக்ஸ் அக்கா' என்றால் துணைவேந்தரைவிட அதிகம் பேருக்குத் தெரியும்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். இவ்வளவு அர்த்தம் சொல்லும் இந்த மகாராணிக்கே ஒரு அரியர் இருக்கிறது. அதுவும் எதில்? இங்கிலீஷில்.

அவள் அதை எழுதியபோது வீட்டில் நோய் நொடி எதுவும் கிடையாது. கதை சொல்லிப் பரிதாபம் தேட வழியே இல்லை. உட்கார்ந்து எழுதினாள், தோற்றாள். நாற்பது எடுத்தால் பாஸ், முப்பத்தாறு வந்தது. மறுமதிப்பீட்டுக்குப் போட்டாள், முப்பத்து நாலாகத் திரும்பி வந்தது. மற்ற இருபத்து மூன்று பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ். அந்த ஒன்று மட்டும் பதினோரு வருஷமாகத் தொங்குகிறது.

தொங்குகிறது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தொங்குகிறது. அரியர் எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பப் படிவத்தைத் தப்பும் தவறுமாக நிரப்பிவிட்டுப் பிள்ளைகள் அலைவதைப் பார்த்து, இவள் ஒரு மாதிரிப் படிவம் நிரப்பி மாட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வருஷமும் புதுப் படிவம் வந்த அன்றே உட்கார்ந்து, பேர், பதிவு எண், பேப்பர் கோடு எல்லாம் கட்டம் கட்டமாக எழுதி, போட்டோ ஒட்டி, கீழே கையெழுத்தும் போட்டு, மேலே 'மாதிரி' என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டி ஆணியில் மாட்டுவாள். அதில் இருக்கும் பேர் அவளுடையது. எண் அவளுடையது. முகமும் அவளுடையது. ஊரில் உள்ள அரியர் எல்லாம் அதைப் பார்த்து எழுதி, போய்ப் பரீட்சையும் எழுதி, பாஸாகி, வேலைக்கும் போய்விட்டது. அது மட்டும் ஆணியிலேயே இருந்தது.

"ஏதாச்சும் பொய்ப் பேரைப் போட்டு மாட்டக்கூடாதா?" என்று ஒருமுறை சொன்னேன்.

"பொய்யா எழுதினா கட்டம் சரியா வராதுடி" என்றாள்.

இதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அதுவும் பலகை.

இந்த வருஷம் பல்கலைக்கழகம் ஒரு அறிவிப்புப் போட்டது. பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதில் எழுதாவிட்டால் பதிவே ரத்து. பாஸான இருபத்து மூன்று பேப்பருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அந்த அறிவிப்பை இருநூறு காப்பி எடுத்து விற்றவளே அக்காதான்.

"நாளைக்குக் கொடுத்துடறேன்" என்றாள். மறுநாள் கூட்டம் என்றாள். அதற்கு மறுநாள் பிரின்டரில் மை இல்லை என்றாள், விண்ணப்பத்துக்கும் மைக்கும் என்ன சம்பந்தமோ. என் அத்தான் அதற்கு மேல். "அவளுக்குத் தெரியாததா, விடும்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். தெரிந்தவளால்தானே இத்தனை பாடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி நாள் மதியம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போனாள். நான் மருந்துச் சீட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் ஆணியிலிருந்து அந்தப் படிவத்தைக் கழற்றினேன். 'மாதிரி' சீட்டை உரித்தேன். அது முழுசாக வரவில்லை, பசையோடு கொஞ்சம் நின்றுவிட்டது. சலான் கட்டினேன். ஜன்னல் சாத்துவதற்குள் தேர்வுப் பிரிவில் நீட்டினேன்.

உள்ளே இருந்த கிளார்க் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"இது எதிர்க் கடையில தொங்குறதாச்சே?"

"ஆமா சார்."

"என் பையன் இதைப் பார்த்துத்தான் எழுதினான்." மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "நிஜமாவே இவங்களுக்கு அரியர் இருக்கா?"

"பதினோரு வருஷமா இருக்கு சார்."

"இதென்ன மேல கறை?"

"பசை சார்."

அவர் சிரிக்கவில்லை. சீல் வைத்தார். "இன்னிக்கு வந்ததுல தப்பில்லாத படிவம் இது ஒண்ணுதான்" என்று சொல்லி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அக்கா வந்து வெறும் ஆணியைப் பார்த்ததும் குதித்த குதி இருக்கிறதே. மருந்து வாங்க வந்தவர் பாதியில் திரும்பிப் போய்விட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரைக் கேக்கணும்? அதுல இருக்கிறது உன் பேருதானே?"

"அந்த ஹால்ல உக்காரப் போற பாதிப் பேருக்கு நான்தான் ஃபாரம் நிரப்பியிருக்கேன். என்னை அங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? அவங்க பாஸாகி நான் மறுபடி ஃபெயிலானா, இந்த லிஸ்ட்டை எந்த மூஞ்சியோட நான் சுவத்துல வச்சிருக்கிறது?"

அவள் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷ எரிச்சல் ஒரு நிமிஷத்தில் போகுமா? "அந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் மூஞ்சி இல்லையா?" என்று கேட்டுவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன். நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹால் டிக்கெட் வந்த அன்று கடையில் நிற்க இடமில்லை. வீம்பைக் கைவிட்டுவிட்டு உதவிக்குப் போனேன். பிள்ளைகள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த எண்களை நான் வாசிக்க வாசிக்க அவள் தட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு எண்ணைச் சீட்டில்லாமல் வாசித்தேன். ஆறாவது இலக்கத்தில் அவள் விரல் நின்றது. நான் மேலே வாசிக்கவில்லை. அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. என்னைத் திரும்பிப் பார்க்காமல் மிச்ச இலக்கங்களை அவளே தட்டினாள். பிரின்டரிலிருந்து அவள் முகம் வெளியே வந்தது. அதை எடுத்து மடித்து மேசை டிராயரில் போட்டுவிட்டு, "அடுத்த நம்பர்" என்றாள்.

அன்றிலிருந்து கடையை அடைத்த பிறகு பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு படித்தாள். அத்தானைக் கேள்வி கேட்கச் சொல்லிப் படித்தாள். அவர் வாசித்த உச்சரிப்பில் பாதிக் கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்று மறுநாள் என்னிடம் வந்து புலம்பினாள். ஆக, பேச்சு வந்துவிட்டது.

பரீட்சை நாளில் கடையை மூடச் சொன்னால் மாட்டேன் என்றாள். "இன்னிக்கு மூடினா பிள்ளைங்க எங்க போகும்?" என்றாள். நான் அரை நாள் விடுப்புப் போட்டு அவள் கடையில் நின்றேன். பத்து மணிக்குப் பரீட்சை, பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவுமாகச் சாலையைத் தாண்டினாள். அப்பாடா என்று நான் முதல் தடவையாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பத்தே காலுக்கு நிமிர்ந்து பார்க்கிறேன், மகாராணி இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். காம்பவுண்டுச் சுவரில் தாளை வைத்து யாருக்கோ எதையோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கை தட்டிக் கூப்பிட்டேன். அவள் அங்கிருந்தே, "இந்தப் பொண்ணு ஹால் டிக்கெட்டைப் பஸ்ல விட்டுடுச்சு. நம்பர் சொல்றேன், பிரின்ட் எடு" என்று ஒரு எண்ணைக் கத்தினாள்.

எனக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தப்பாகத் தட்டி, மறுபடி தட்டி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே எடுத்தேன். பத்து இருபத்து மூன்று. தாளோடு சாலையைத் தாண்டி ஓடினேன். பஸ்காரன் ஒருவன் என் பரம்பரையை விசாரித்தான். தாளை அந்தப் பெண்ணின் கையில் திணித்தேன், அக்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

அந்தப் பெண் அப்போதுதான் அக்கா கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கும் அரியரா?" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே பதினோரு வருஷம் ஆணியில் தொங்கினாள். திரும்பிக் கடைக்கு நடக்கப் போகிறாள், இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று தயாராக நின்றேன்.

அக்கா தன் தாளை ஒரு தரம் பார்த்தாள். "ஆமா, இங்கிலீஷ்" என்றாள். "பேனா இருக்கா உன்கிட்ட? இந்தா. வா, நேரமாச்சு."

இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். காவலாளி கேட்டைச் சாத்தினார்.

நான் கடைக்குத் திரும்பியபோது ஒரு அப்பா படிவத்தோடு காத்திருந்தார். மகள் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்த வெற்று ஆணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க ஒரு மாதிரிப் படிவம் தொங்கும்னு சொன்னாங்களே, இல்லையா?"

"இருக்கு" என்றேன். "பரீட்சை எழுதப் போயிருக்கு. ஒரு மணிக்கு வந்துடும், உக்காருங்க."