மக்டலினுக்குக் கொடுத்த கதை

"கைத்தொலைபேசி திருத்துநர். வேறு சேவைகள் இல்லை." திருகோணமலை பஸ் நிலையத்தருகே டிலுக்ஷனின் கடை அனுமதிப்பத்திரம் இப்படிச் சொல்கிறது. ஆனால் ஆளுக்கேற்ற பழைய விஞ்ஞானச் சிறுகதை ஒன்றை வாசிக்கக் கொடுக்காமல் அவர் எந்த வாடிக்கையாளரையும் அனுப்பியதில்லை.

லிங்கநகர் மக்டலின், கடலில் இறந்த மகனின் குரற்பதிவுகளோடு வந்தார். போன் மகனைப் போலவே கதைக்க வேண்டுமாம்.

"முதல் இதை வாசியுங்கோ, அன்ரி." தடுக்கும் எண்ணத்தோடுதான் டிலுக்ஷன் கொடுத்தார். அந்தக் கதையில் தாய் இறந்த பின்னும் பூட்டிய வீட்டில் ஓர் இயந்திரம் மகனின் குரலில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மறுநாள் மக்டலின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல கதை, தம்பி. நான் செத்தாலும் என்னைத் தேட ஒராள் இருக்குமெல்லோ. செய்து தாங்கோ."

"பயமில்லையோ?"

"எனக்கென்ன பயம்? நான் இருக்கமாட்டனே."

விஞ்ஞானக் கதைகள் எச்சரிக்கும் என்பவர்கள் வாசகரைக் கணக்கில் எடுப்பதில்லை. டிலுக்ஷன் செய்து கொடுத்தார்.

சென்ற மாரியில் மக்டலின் இறந்தார். உறவினர் அந்தப் போனைக் கடைக்குக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பின்னேரமானால் அது, "அம்மா, எங்க நிக்கிறீங்கள்?" என்று கேட்கிறது.

டிலுக்ஷன் அதை அணைக்கவில்லை. தினமும் சார்ஜில் போட்டு, "அம்மா கோயிலுக்குப் போயிட்டா" என்று பதில் சொல்கிறார்.