கராச்சில் தொங்கிய பூட்டு

மனிதர் கிடுகு வேய்ந்த வீட்டில் இருக்க, இயந்திரத்துக்கு ஓட்டு வீடு கட்டிய விசரன் என்று கனகராயன்குளம் ஊருக்குள் எனக்குப் பேர். பேர் வைத்தது வேறு யாருமில்லை, என் தகப்பன்தான். ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணியாக்கியவர். அதனால் அந்தக் காணியில் நிற்கும் மரம், மாடு, மகன் எல்லாம் தன் சொல்லுக்கு அசைய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் வவுனியாவில் இயந்திரம் திருத்தும் ஒரு கராச்சில் சில வருடம் வேலை பழகியவன். அறுபதுகளில் எங்கள் பக்கத்துக்கும் உழவு இயந்திரங்கள் வரத் தொடங்கின. விதைப்புக் காலத்தில் ஒன்று பழுதானால் வவுனியாவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வருவதற்குள் மண் பதம் தப்பிவிடும். ரோட்டுக்கரையில் கிடந்த எங்கள் மேட்டுக் காணியில் ஒரு கராச் போட்டால் என்ன என்று யோசித்தேன். அந்த யோசனை பிறகு என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

தடியால் நிலத்தில் கீறிக் கீறித் திட்டம் போட்டேன். உழவு இயந்திரம் நுழையும் அகலத்துக்கு இரட்டைக் கதவு. அடியில் இறங்கி நின்று வேலை செய்ய ஆளுயரக் குழி. எஞ்சினைச் சங்கிலியில் தூக்க நடுவில் ஒரு முதிரை மர உத்தரம். எண்ணெயும் நெருப்புப் பொறியும் இருக்கும் இடத்துக்குக் கிடுகு சரிவராது, ஆகவே ஓடு. குளத்து மண்ணில் நானே செங்கல் அரிந்து சூளை வைத்தேன். ஐயா ஒரு கல் தூக்கித் தரவில்லை. பின்னேரங்களில் வந்து நின்று, "உந்த மிசினுக்குப் பாயும் தலகாணியும் போடன்" என்று நக்கலடித்துவிட்டுப் போவார்.

கதவு மாட்டி வேலைமேசையும் வைத்த பிறகு, தங்கச்சியைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் உத்தியோகம். கிடுகு வீட்டுக்குள் அவர்களை இருத்த ஐயாவுக்கு வெட்கம். என்னை ஒரு வார்த்தை கேளாமல் கதிரைகளைத் தூக்கிக் கராச்சுக்குள் போட்டார். மாப்பிள்ளையின் தாய் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல வைரமான மரம். பேரப்பிள்ளையளுக்குத் தொட்டில் கட்டலாம்."

எஞ்சின் தூக்கும் உத்தரத்தில் தொட்டில்! வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியில் அது நின்றுவிட்டது.

"இந்த வீடு ஆருக்கு?"

"மகளுக்குத்தான். வேற ஆருக்கு?" என்றார் ஐயா. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"அப்ப உதென்ன கிடங்கு?" அவர் விரல் குழியைக் காட்டியது.

"அது சும்மா. மூடிப்போடலாம்."

சும்மா! கிரவல் மண்ணைப் பிக்கானால் கொத்திக் கொத்தி, உள்ளங்கை வெடிக்க நான் வெட்டிய குழி சும்மா! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயைத் திறந்தால் சம்பந்தம் குழம்பும். ஐயாவுக்கு அது தெரியும். தனியே கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன். அதனால்தான் சபையில் வைத்துச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு தங்கச்சி குசினிப் பக்கமாக வந்து நின்றாள்.

"அண்ணை, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டு சொல்லட்டே?"

அவளுக்கு வந்த முதல் நல்ல சம்பந்தம் அது. "போய் உன்ரை வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தேன். வேறு என்ன சொல்ல?

கராச்சும் அது நின்ற காணித் துண்டும் சீதனமாக எழுதப்பட்டன. குழியைக் கூலிக்கு ஆள் பிடித்து மூடினார்கள். கலியாணம் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, மாப்பிள்ளை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். அவருக்கு இந்தக் காட்டில் என்ன வேலை? இரட்டைக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. சாவி ஐயாவின் இடுப்பில். பழுதான இயந்திரங்களை முன்போலவே வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

"ஆளில்லாமல்தானே கிடக்குது. நான் பாவிக்கிறன், திறந்து விடுங்கோ" என்று கேட்டேன்.

"எண்ணெயை ஊத்தி ஊத்தையாக்கிப் போடுவாய். பிறகு நான் என்ன முகத்தோடை மருமோனுக்கு முன்னாலை நிக்கிறது?"

எனக்கு முன்னால் நிற்க அவருக்கு முகம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த மாரியில், விதைப்பு நேரம், அயல்காரர் ஒருவரின் உழவு இயந்திரம் எங்கள் வாசல் படலையடியில் நின்றுவிட்டது. அந்த மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். நான் சாக்கை விரித்து இயந்திரத்துக்கு அடியில் படுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. முதுகில் சேறு ஊறியது. கழற்றிய ஆணிகள் சேற்றில் தொலையாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். கூப்பிடு தூரம்கூட இல்லை, என் ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு துளி ஈரமில்லை, ஒரு ஆளுமில்லை.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களில் திடீரென்று மழை நின்றது. எட்டிப் பார்த்தேன். ஐயா. குடையை என் கால்களுக்கு மேல் பிடித்தபடி தான் நனைந்துகொண்டு நின்றார்.

"காய்ச்சல் வரப்போகுது, மோனை."

ஆணிகளைக் கையில் துப்பினேன். "சாவி கொண்டந்தனீங்களே?"

அவர் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். நனைந்த வேட்டிக்கு மேலே, இடுப்பில் சாவி நன்றாகத் தெரிந்தது.

"அப்ப குடையையும் கொண்டு போங்கோ."

அவர் போகவில்லை. வேலை முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். பூட்டை ஒருவேளை நான் மறந்திருப்பேன். அந்தக் குடையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.