பயத்துக்கு மட்டும் வார்த்தை கேட்கவில்லை

லூர்து போய்விட்டாள். ஸ்பெயினில், அவள் இருந்த மடத்திலேயே. இன்று காலை அங்கிருந்து ஒரு சிஸ்டர் போன் பண்ணிச் சொன்னார்...

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு லூர்து யாரென்றே தெரியாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு கான்வென்ட் ஆஸ்பத்திரியில் நானும் அவளும் வார்டு வேலை பார்த்தோம். அவள் வடமதுரைப் பக்கம், தக்காளியும் வெங்காயமும் போடுகிற வீடு. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது.

ஸ்பெயினுக்குப் போய் நர்சிங் படித்து அங்கேயே மடத்தில் சேர இரண்டு பெண்கள் வேண்டும் என்று ஒருநாள் கான்வென்ட்டை நடத்திய ஸ்பெயின்காரரான மதர் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் கையைத் தூக்கிவிட்டோம். அவள் தூக்கினாள் என்று நான் தூக்கினேன். நான் தூக்குவேன் என்று அவள் தூக்கினாளாம். அப்படிப்பட்ட அறிவாளிகள்.

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் பயம்... மதுரையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. கடல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதில் கப்பலில் இருபது நாளுக்கு மேல் போக வேண்டும் என்றார்கள்.

மத்தியான டியூட்டி முடிந்ததும் ஸ்பானிஷ் பாடம். பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டே மதர் சொல்லச் சொல்ல நாங்களும் சொல்வோம். தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வோம்.

பாடம் என்றால் மதரின் ஜெபப் புத்தகம்தான். வேறு புத்தகம் கிடையாது. ஆறு மாதத்தில் ஜெபமாலை முழுக்க வந்தது. பாவசங்கீர்த்தன மந்திரம் வந்தது. சாகக் கிடப்பவர்களுக்குச் சொல்கிற ஜெபம்கூட மனப்பாடம்.

"பாவம் செஞ்சா சொல்லத் தெரியும். பசிச்சா எப்படிச் சொல்றதுடி ஞானம்?" என்றாள் லூர்து.

"அதெல்லாம் மொகத்தப் பாத்தா தெரியும்டி."

"சரி... பயமா இருக்குன்னு?"

அதை மதரிடம் கேட்கலாம் என்று நினைத்தோம். கேட்டால் இதுகளுக்குப் பயம் என்று லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவாரோ, வீட்டில் என்ன சொல்வது என்று அதற்கும் பயம். கேட்கவே இல்லை.

மெடிக்கல் செக்கப் அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. காலையிலேயே சமையல்கட்டில் இரண்டு சின்ன வெங்காயத்தை உரித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நம் ஊர்ப் பிள்ளைகள் செய்கிற அதே வேலைதான்.

வெங்காயமோ, பயமோ, காய்ச்சல் நூற்றியொன்று காட்டியது. அன்றைக்கே சர்டிபிகேட் பம்பாய்க்குப் போக வேண்டும். "நீ அடுத்த வருடம் போகலாம்" என்றார் மதர். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

லூர்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். அந்த வாடை அவளுக்கு அடிக்காமல் இருந்திருக்காது. என்னைப் பார்த்தாள்.

ஸ்டேஷனில் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து, "ஒடம்ப பாத்துக்கடி, காய்ச்சக்காரி" என்றாள். ரயில் போன பிறகும் நெடுநேரம் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

முதல் கடிதம் வர மூன்று மாதம் ஆனது. போய்ச் சேர்ந்த வாரமே குளிரில் காய்ச்சலாம், நிஜக் காய்ச்சல். தண்ணீர் கேட்கத் தெரியாமல், தெரிந்த ஒரே ஸ்பானிஷைச் சொல்லியிருக்கிறாள். எதை? சாகக் கிடப்பவர்களின் ஜெபத்தை... அவர்கள் பதறிப்போய் சாமியாரையே கூட்டிவந்து, சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டார்கள். நெற்றியில் எண்ணெயோடு படுத்துக்கொண்டு, நிஜமாகவே சாகப் போகிறோம் போல என்று நடுங்கினாளாம்.

கடைசி வரியில் எழுதியிருந்தாள்: "நாம கேக்காம விட்டத இங்க மொத வாரமே கத்துக்கிட்டேன். தெங்கோ மியேதோ. பயமா இருக்குன்னு அர்த்தம். நோட்டுல எழுதி வச்சுக்க."

எழுதி வைத்தேன். யாரிடம் சொல்லப் போகிறேன்?

இருபது வருடம் கழித்து ஒரே ஒரு தடவை லீவில் வந்தாள். என் வீட்டில் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்க வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியும்டி," என்றாள். "எங் கக்கத்துலயும் ரெண்டு இருந்துச்சு."

"உனக்குமாடி?" என்றேன்.

"நீ முந்திக்கிட்ட. ரெண்டு பேருக்கும் ஒரே நாளு காய்ச்சன்னா மதர் நம்புமா? உன்னையுமில்ல பிடிச்சிருக்கும். ஒதறிட்டேன்."

சொல்லிவிட்டு உரித்துக்கொண்டே இருந்தாள்...

போன வாரம் அந்த சிஸ்டர் வீடியோ காலில் கூப்பிட்டார். லூர்து நினைவு தப்பிப் படுக்கையில் கிடக்கிறாளாம், ஸ்பானிஷ் மொத்தமும் மறந்துவிட்டதாம். தமிழில் மட்டும் என்னவோ சொல்கிறாளாம், அங்கே யாருக்கும் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார் இங்கிலீஷில்.

போனை அவள் முகத்துக்கிட்டே கொண்டுபோனார்கள். அவ்வளவு சின்ன முகமாகியிருந்தது.

"ஞானம்... பயமா இருக்குடி. நீ வாரியா?"

அவர்களுக்கு நான் என்னவென்று சொல்ல? இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரவில்லை. "தெங்கோ மியேதோ" என்றேன். அவள் சொன்னதைத்தான் சொன்னேன். எனக்கும் அதுதான்.

சிஸ்டர் சட்டென்று போனைப் படுக்கையில் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார் போல. எனக்கு மேல்கூரை மட்டும் தெரிந்தது. அப்புறம் கட் ஆகிவிட்டது. அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

வாரேன்டி லூர்து. செத்த நேரம் பொறு. இந்தத் தடவை வெங்காயம் வைக்க மாட்டேன்.