ஒரு வெளிச்சம், இரண்டு குப்பி

எங்கள் தொழிலில் பொருளைத் தொடக்கூடாது, நினைத்த நேரத்தில் பார்க்கவும் கூடாது. ஆனால் மாதம் முடிந்ததும் என்ன கண்டாய் என்று கேட்பார்கள். ஆய்வுகூட உதவியாளராக இருந்து பட்டவர்களுக்கு இது விளங்கும்.

கொடியில் தொங்கியவை

வாவிக்கரையில் எங்கள் ஆய்வுகூடம். உள்ளே இரண்டு கண்ணாடிக் குப்பிகள், அவற்றுள் சீசியம் ஆவி. ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்த ஊசி மாதிரி. ஒரே லேசர் வெளிச்சத்தை இரண்டு குப்பிக்குள்ளும் விட்டு, வெளியே வருவதை அளந்தால், இரண்டும் பிணைந்துவிடும். பிறகு ஒன்று எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தாலே போதும், மற்றதும் தெரிந்துவிடும்.

ஒரு கிழமையாகப் பிணையவேயில்லை. இரும்பு ஆகாதென்று திறப்புக்கொத்து, போன் எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். கடைசியில் பார்த்தால், கல்குடாவிலிருந்து வரும் மூத்த உதவியாளர் கமலா அக்காவின் தாலிக்கொடியில் ஒரு கொத்துச் சட்டைப்பின் ஊக்குகள்! அவர் குனியும்போதெல்லாம் அந்த இரும்பு அணுக்களைக் குழப்பியிருக்கிறது. ஆய்வுகூடத்தை நடத்தும் சேர், கழற்றி வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார். அக்கா சொன்னார்: "பின்னை எடுங்க சேர். கொடியக் கழட்டச் சொல்லாதீங்க. அவர் கடல்ல."

காவலாளியின் சந்தேகம்

அன்று மத்தியானமே பிணைந்தது. காவலாளி காசிம் காக்கா எட்டிப் பார்த்தார். வெளிச்சம் குப்பிகளைக் கடந்து முடிந்துபோயிருந்தது. இடையில் கயிறில்லை, கம்பியில்லை. என் அம்மப்பா சொன்ன கதைகளில் பேய்க்குக்கூட ஒரு மரம் இருக்கும். இந்தப் பிணைப்புக்கு இருக்க இடமே இல்லை. காக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வெளிச்சந்தான் போயிட்டே தம்பி, இப்ப இதுகளப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது ஆரு?"

திரைக்கு இந்தப் பக்கம்

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அவருடைய புருசனும் கூடப்பிறந்த தம்பி குமாரும் போன தோணி கவிழ்ந்துவிட்டது. ஒருவரை மீட்டிருந்தார்கள், நினைவில்லை, முகமெல்லாம் கட்டு. மற்றவரின் உடல் மட்டும் கரை ஒதுங்கியிருந்தது, முகம் தெரியாதபடி. யார் எவர் என்று அக்காதான் சொல்லவேண்டும்.

நான் கூடப் போனேன். வார்டில் ஒரு பச்சைத் திரை. அதற்கு அப்பால் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அக்கா கொடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நான் பார்க்கட்டுமா என்றேன். "வேணா மனே. பாக்கிறமட்டும் ரெண்டு பேரும் இரிக்காங்க."

திரைக்கு அந்தப் பக்கம்

பிறகு அவரே திரையை விலக்கினார். முகத்தைப் பார்க்கவில்லை, போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்தார். குனிந்து ஒன்றைத் தொட்டார். கொடியைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. பிணவறைக்குப் போகவில்லை. என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்: "இங்க கிடக்கிறது குமார்."

ஒன்றைப் பார்த்து மற்றதை அறிவதை, சம்பளம் வாங்கிக்கொண்டு அதிசயம் என்று சொல்பவர்கள் நாங்கள்.